அஞ்சு நிமிஷம் சொந்தப் பாட்டு

ஜார்ஜ்டவுன் ஜாலான் குருத்வாராவில் பழைய பஸ் டிப்போ ஒன்று இருக்கிறது. ஒரு காலத்தில் ஹின் கம்பெனி பஸ்கள் நின்ற இடம். 2014 முதல் அது கலைக்கூடம். ஓவியக் கண்காட்சி, ஞாயிறு சந்தை, சில நாட்களில் பாட்டுக் கச்சேரி என்று ஏதாவது நடந்துகொண்டே இருக்கும். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, பேத்திக்கு ஐஸ் வாங்கப் போனவன் அங்கேயே நின்றுவிட்டேன். காரணம், ஒரு தமிழ்ப் பாட்டு.

கித்தாரோடு ஒருவர் முக்காலியில் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தார். முன்னால் நாற்பது பேர் இருக்கலாம். சீனப் பிள்ளைகள், மலாய்ப் பிள்ளைகள், வெள்ளைக்காரர்கள் இரண்டு மூன்று பேர், ஓரத்தில் நம் ஆட்கள் கொஞ்சம். பாட்டு, பட்டர்வொர்த் ஃபெரியில் கயிறு பிடிக்கும் ஒரு தொழிலாளியைப் பற்றியது. பல்லவி எனக்குத் தெரிந்த மாதிரி இருந்தது. எந்தப் படம் என்று யோசித்தேன், பிடிபடவில்லை. இரண்டாவது சரணம் தொடங்கியபோதுதான் சுருக்கென்றது. இது படப்பாட்டே இல்லை. இந்தப் பாட்டை நான் முன்பே கேட்டிருக்கிறேன். பாதி மட்டும். பாதியில் நிறுத்தியவனே நான்தான்.

பாதியில் நின்ற பாட்டு

என்னைத் தெரியாத வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. நான் ஓய்வுபெற்ற ஆசிரியர். முப்பது ஆண்டுகளாக வார இறுதிகளில் கல்யாண விருந்துகளுக்கு நிகழ்ச்சி நெறியாளர். பினாங்கிலும் பிறையிலும் புக்கிட் மெர்தாஜாமிலும் நான் மைக் பிடிக்காத மண்டபம் குறைவு. மாப்பிள்ளை பெண்ணை மேடைக்கு அழைப்பதிலிருந்து, கேக் வெட்டுவது, மொய் எழுதுகிறவர்களை வரிசைப்படுத்துவது வரை எல்லாம் என் பொறுப்பு. இசைக்குழு என்ன பாட வேண்டும் என்பதும்.

2009-இல் பட்டர்வொர்த்தில் ஒரு விருந்து. இசைக்குழுவோடு இருபத்திரண்டு வயதுப் பையன் ஒருவன் கித்தார் வாசிக்க வந்திருந்தான். கீபோர்டு வாசிப்பவர் சாப்பிடப் போன இடைவெளியில், "நான் ஒரு பாட்டுப் பாடட்டுமா அண்ணே?" என்று கேட்டான். சரி என்றேன். பாடத் தொடங்கினான். முதல் சரணம் முடிவதற்குள் முன்வரிசை மேசையிலிருந்து மாப்பிள்ளையின் மாமா கையைக் காட்டினார். இன்னொருவர் என்னைப் பார்த்து, "என்ன பாட்டுங்க இது? எந்தப் படம்?" என்றார்.

நான் மேடையேறி அவன் காதில் சொன்னேன்: "தம்பி, படப்பாட்டு பாடுங்க. ஜனங்க சாப்பிட வந்திருக்காங்க."

அவன் ஒரு நொடிகூட முகம் காட்டவில்லை. அதே கித்தாரில் அந்த ஆண்டு ஊரெல்லாம் ஒலித்த ஒரு படப்பாட்டுக்கு மாறிவிட்டான். கைதட்டல் வந்தது. நான் அன்றே அதை மறந்துவிட்டேன்.

அந்தப் பையன்தான் இப்போது முக்காலியில் உட்கார்ந்திருந்தவர். தலையில் லேசாக நரை. பாட்டு முடிந்ததும் கிட்டே போனேன். என்னைப் பார்த்துச் சிரித்தார். "அண்ணே, நீங்கதானே அந்தக் கல்யாணத்துல..." என்றார். பக்கத்து உணவுக்கடையில் ஆளுக்கொரு தேத்தாரிக்கோடு உட்கார்ந்தோம். இரண்டு மணி நேரம் பேசினோம். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். "மேனேஜர் படிச்சா, அடுத்த வாட்டி லீவு கேக்கறப்ப சிரிப்பாரு."

அவர் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் டெக்னிஷியன். பன்னிரண்டு மணி நேர ஷிப்டு. மீதி நேரத்தில் பாடகர். சொந்தமாக எழுதி, சொந்தமாக மெட்டமைத்து, எந்தக் கம்பெனியும் இல்லாமல் பாடுகிறவர்.

மண்டபம் கேட்பது என்ன?

கல்யாண மண்டபத்தைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. விருந்துக்கு வருகிற ஐந்நூறு பேருக்கும் பொதுவாகத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான், அது சினிமாப் பாட்டு. தோட்டத்தில் வளர்ந்த தாத்தாவுக்கு எம்.எஸ்.வி., அப்பாவுக்கு இளையராஜா, பிள்ளைக்கு அனிருத். பாட்டைக் கேட்டதும் படம், நடிகர், தான் படித்த பள்ளிக்கூடம் எல்லாம் நினைவுக்கு வரும். புதுப்பாட்டுக்கு அந்த வசதி இல்லை. அது யாருடைய நினைவிலும் சாய்ந்துகொள்ள முடியாமல் தனியாக நிற்க வேண்டும்.

கணக்கைக் கேட்டேன். ஒளிக்காமல் சொன்னார். கல்யாணத்தில் படப்பாட்டு வாசித்தால் கையில் 250, 300 வெள்ளி வரும், சாப்பாடும் உண்டு. சொந்தப் பாட்டு பாடுகிற இடத்தில் சில சமயம் 100 வெள்ளி, சில சமயம் உண்டியல் பெட்டியில் விழுவது, சில சமயம் ஒரு கோப்பிதான். மைக், ஸ்பீக்கர், மிக்ஸர் எல்லாம் அவருடையது. அதை ஏற்றி இறக்கக் கார் வேண்டும், பெட்ரோல் வேண்டும். "இன்டர்நெட்டுல போட்ட பாட்டுக்கு ஒரு வருஷம் முழுக்க வந்த காசு, கித்தாருக்கு ஒரு செட் கம்பி வாங்கத்தான் சரியா இருந்துச்சு" என்றார். வருத்தமாகச் சொல்லவில்லை. மின்சாரக் கட்டணம் எவ்வளவு வந்தது என்று சொல்கிற மாதிரி சொன்னார்.

"அப்புறம் ஏன் தம்பி?"

"படப்பாட்டு பாடறப்ப அவங்க எஸ்.பி.பி.ய கேக்கறாங்க, என்னைக் கேக்கல. அது சரிதான். ஆனா ஒரு நாளாவது நம்மளையும் கேக்கணும்ல."

நம் ஊர் பிள்ளைகள் போன வழி

இதே பினாங்கில் இந்த வழியை நமக்கு முன்னால் நடந்து காட்டியவர்கள் இருக்கிறார்கள். டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் என்ற இரண்டு சகோதரர்கள். ஊர் அறிந்த பெயர் 'அல்லிகேட்ஸ்'. 1960-களின் இறுதியில் பினாங்கில் தொடங்கிய குழு. பெரிய சுருட்டை முடியும் அகலக் காலர் சட்டையுமாக அவர்கள் நிற்கும் இசைத்தட்டு உறை, என் வயதுக்காரர் வீடுகளில் பலர் பார்த்ததுதான்.

அவர்கள் முதல் நாளே சொந்தப் பாட்டோடு மேடை ஏறவில்லை. 1970-களில் ஹாங்காங் போய்ப் பல ஆண்டுகள் இரவு விடுதிகளில் பாடினார்கள். அங்கே யாருக்கும் அவர்களைத் தெரியாது. வந்திருப்பவர்களுக்குத் தெரிந்த ஆங்கிலப் பாட்டைத்தான் பாட வேண்டும். அதுவும் ஒரு கல்யாண மண்டபம்தான், கொஞ்சம் பெரியது. எழுபதுகளின் இறுதியில் ஊர் திரும்பி மலாய் மொழியில் இசைத்தட்டு வெளியிட்டபோதுதான் அவர்களுக்கென்று பாட்டு வந்தது. அவற்றில் பலவற்றுக்கு மெட்டமைத்தவர் எம். நாசிர். 'செனியும்லா கோலாலம்பூர்' பாட்டைக் கேட்காத மலேசியர் உண்டா? தலைநகரத்தைப் பார்த்துப் புன்னகை செய் என்று பாடியவர்கள் பினாங்குத் தமிழ்ப் பிள்ளைகள் என்பது, தலைநகரத்தில் பலருக்கு இன்றும் தெரியாது.

அவர்களுக்குப் பெரிய இசைத்தட்டு நிறுவனத்தின் ஆதரவு இருந்தது. பாட்டு எழுத வேறு ஆட்கள் இருந்தார்கள். அந்த வகையில் நம் தம்பியின் கதை வேறு. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஹாங்காங்கில் ஆயிரம் முறை பாடிய அடுத்தவர் பாட்டுகளுக்காக யாரும் அவர்களை நினைவில் வைத்திருக்கவில்லை. தங்களுக்கென்று அமைந்த பாட்டுகளுக்காகத்தான் வைத்திருக்கிறார்கள். 2007 ஜூன் மாதம் லோகநாதன் நுரையீரல் புற்றுநோயால் இறந்தார். அண்ணன் டேவிட் தொடர்ந்து மேடையேறினார். 'நான் முந்திப் போய்விட்டால்' என்று பொருள்படும் அவர்களுடைய பழைய மலாய்ப் பாட்டு வானொலியில் வரும்போதெல்லாம், எங்கள் வீட்டில் பேச்சு தானாக நின்றுவிடும்.

சரி, மலாயில் பாடினால் நாடே கேட்கும். தமிழில்?

அதற்கும் ஒரு பதில் 2006-இல் கோலாலம்பூரிலிருந்து வந்தது. யோகி பி-யும் நட்சத்ராவும் வெளியிட்ட 'வல்லவன்' தொகுப்பு. தமிழில் ராப். முதலில் கேட்டபோது என் போன்ற ஆசிரியர்கள் முகம் சுளித்தோம், மறுக்கவில்லை. பிள்ளைகள் பைத்தியமாகிவிட்டார்கள். அதில் ஒரு விஷயம் எனக்கு இப்போதுதான் புரிகிறது. அந்தத் தொகுப்பை ஊர் ஊராகக் கொண்டுபோன பாட்டு, 'நிழல்கள்' படத்தின் 'மடை திறந்து' பாட்டை எடுத்துக்கொண்டு, அதன் நடுவில் தங்கள் சொந்த வரிகளை வைத்தது. 1980-இல் இளையராஜா இசையமைத்த அந்தப் பாட்டே, வாய்ப்புக்குக் காத்திருக்கும் ஓர் இசைக்கலைஞனின் கனவு. மண்டபத்துக்குத் தெரிந்த கதவைத் தட்டி, அது திறந்ததும் தங்கள் சாமானை உள்ளே இறக்கிவிட்டார்கள். அடுத்த ஆண்டே 'பொல்லாதவன்' படத்தில் யோகி பி-யின் குரல் தமிழ்நாட்டில் ஒலித்தது. 2017-இல் 'விவேகம்' வரை போனது.

தம்பியிடம் இதைச் சொன்னேன். "தெரியும் அண்ணே. ஆனா எனக்கு அந்தச் சத்தம் வராது. என் பாட்டு மெதுவா போற பாட்டு" என்றார்.

பெய்ரூட்டில் ஒரு பக்கத்து வீடு

பேச்சின் நடுவே கைப்பேசியில் ஒரு பாட்டைப் போட்டுக் காட்டினார். ஒரு பெண் குரல், அரபு மொழி. லெபனானைச் சேர்ந்த தானியா சாலே என்றார். தன் பாட்டைத் தானே எழுதிப் பாடுகிறவர், ஓவியமும் வரைகிறவர். முதல் தனித்தொகுப்பு 2002-இல் வந்தது. "எனக்கு ஒரு வார்த்தையும் புரியாது அண்ணே. ஆனா ஷிப்டு முடிஞ்சு வர்றப்ப இதைத்தான் கேப்பேன்."

வீட்டுக்கு வந்து அந்த நாட்டுச் சேதியை எடுத்துப் படித்தேன். லெபனானில் 1975 முதல் 1990 வரை உள்நாட்டுப் போர். போர் முடிந்து சில ஆண்டுகளில், 1997-இல், யாஸ்மின் ஹம்தான், ஸெய்த் ஹம்தான் என்ற இரு இளைஞர்கள் 'சோப்கில்ஸ்' என்று ஒரு குழு தொடங்கினார்கள். எந்தப் பெரிய நிறுவனமும் இல்லாமல், மின்னிசையில் அரபு மொழிப் பாட்டு. அங்கே இவர்களைப் போன்றவர்களுக்கு முன்னால் நிற்கும் மலை, ஃபைரூஸ். காலையில் வானொலியைத் திருப்பினால் ஃபைரூஸ். அவருக்கு மெட்டமைத்த ரஹ்பானி சகோதரர்கள். நமக்கு இளையராஜா எப்படியோ அப்படி. அந்த மலையின் அடியில் உட்கார்ந்துகொண்டு, "என் பாட்டையும் கொஞ்சம் கேளுங்கள்" என்று சொல்வது எளிதா?

2019-இல் அந்த நாட்டின் வங்கிகள் கதவைச் சாத்தின. மக்கள் தங்கள் சொந்தச் சேமிப்பையே எடுக்க முடியவில்லை. 2020 ஆகஸ்ட் 4-ஆம் தேதி பெய்ரூட் துறைமுகத்தில் நடந்த வெடிவிபத்தில் இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். துறைமுகத்தை ஒட்டிய மார் மிக்கேல், ஜெம்மாயிஸே பகுதிகள்தாம் சின்னச் சின்ன மேடைகளும் இசைக் கூடங்களும் நிறைந்த இடங்கள். அவையும் நொறுங்கின. அதன் பிறகும் அந்த ஊரில் பாடுகிறார்கள். நமக்கு வங்கி திறந்திருக்கிறது, மண்டபம் நிற்கிறது. நாம் கேட்க மட்டும்தான் வேண்டும்.

அன்பு மட்டும் போதுமா?

பினாங்கின் பழைய இசைக்கலைஞர்களைப் பற்றி பால் அகஸ்டின், ஜேம்ஸ் லாக்ஹெட் இருவரும் 2015-இல் ஆங்கிலத்தில் ஒரு புத்தகம் கொண்டுவந்தார்கள். 1930-களிலிருந்து 1960-கள் வரை இந்தத் தீவில் வாசித்தவர்கள், பாடியவர்களின் கதை. தலைப்பின் பொருள், 'அதன் மேலுள்ள ஆசைக்காக மட்டும்' என்பது. அழகான தலைப்பு. ஆனால் ஆசைக்காக மட்டும் பாடியவர்களுக்குக் கடைசியில் என்ன மிஞ்சியது என்றும் பார்க்க வேண்டும்.

எல்லாருக்கும் தெரிந்த உதாரணம் நம் தீவின் மைந்தர் பி. ரம்லி. 1929-இல் இங்கே பிறந்தவர். 1948-இல் புக்கிட் மெர்தாஜாமில் அவர் பாடியதைக் கேட்டு, இந்தியாவிலிருந்து வந்த இயக்குநர் பி.எஸ். ராஜ்ஹன்ஸ் சிங்கப்பூருக்கு அழைத்தார். பாடினார், மெட்டமைத்தார், நடித்தார், இயக்கினார். 1973-இல் நாற்பத்து நான்கு வயதில் இறந்தபோது பணமுடையில் இருந்தார். இன்று அவர் பிறந்த மரவீடு நினைவில்லம், அந்தச் சாலைக்கே அவர் பெயர். நாமும் பள்ளிப் பிள்ளைகளை அங்கே கூட்டிப்போகிறோம். உயிரோடு இருந்தபோது கிடைத்திருக்க வேண்டியது, பிறகு சாலைப் பெயராகக் கிடைத்தது.

அவர் காலத்தில் இல்லாத சில வசதிகள் இப்போது இருக்கின்றன. காப்புரிமைச் சட்டம் 1987-இல் வந்தது. பாட்டை எழுதி ஓர் இடத்தில் பதிந்துவிட்டாலே உரிமை எழுதியவருக்கு வந்துவிடுகிறது. அவர் வாழ்நாள் முழுவதும், அதன்பின் ஐம்பது ஆண்டும் அது இருக்கும். விரும்பினால் மைஐபிஓ அலுவலகத்தில் அதை அறிவித்துப் பதிவு செய்துகொள்ளலாம், 2012 முதல் அந்த வழி உண்டு. பாட்டு வானொலியிலும் கடைகளிலும் மேடைகளிலும் ஒலித்தால் அதற்கான தொகையை வசூலித்து எழுதியவருக்கும் மெட்டமைத்தவருக்கும் பிரித்துக்கொடுக்க, எம்.ஏ.சி.பி. என்ற அமைப்பு 1989 முதல் இருக்கிறது.

"அதுல சேந்திருக்கீங்களா தம்பி?"

"இல்லண்ணே. என் பாட்டை யாரு போடப் போறாங்க?"

இந்த இடத்தில் ஆசிரியராக மாறிவிட்டேன். யார் போடப் போகிறார்கள் என்று நினைத்துத்தான் நம்மில் பலர் எதையும் பதிவதில்லை. பிறகு ஒரு நாள் யாரோ போடுவார்கள், அப்போது கையில் ஒரு தாளும் இருக்காது. வீட்டில் பாட்டு எழுதும் பிள்ளை இருந்தால், பெற்றோரே, அவன் நோட்டுப் புத்தகத்தில் தேதி போடச் சொல்லுங்கள். பதிவு செய்த கோப்பை இரண்டு இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். நான்கு பேர் சேர்ந்து செய்த பாட்டென்றால் யாருக்கு எவ்வளவு பங்கு என்று அன்றே எழுதி, எல்லாரும் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். நட்பாக இருக்கும்போது எழுதினால்தான் நட்பு நிற்கும்.

இரண்டாவது சரணம்

எழுந்திருக்கும் முன் ஒன்று கேட்டேன். அந்த ஃபெரித் தொழிலாளி யார்?

"அப்பாதான். ஃபெரியிலதான் வேல பார்த்தாரு." கொஞ்ச நேரம் கண்ணாடித் தம்ளரைத் திருப்பிக்கொண்டிருந்தார். "அன்னைக்கு அவரும் மண்டபத்துல இருந்தாரு அண்ணே. ஸ்பீக்கர் தூக்க வந்தாரு. பின்னால, கதவோரமா நின்னாரு. பாட்டு எழுதி முடிச்சது அவருக்குத் தெரியாது. அங்க பாடிக் காட்டலாம்னு நெனச்சேன்."

என் வாயில் வார்த்தை வரவில்லை.

"நீங்க என்ன பண்ணுவீங்க, விருந்துக்காரங்க கேட்டாங்க" என்று அவரே என்னைத் தேற்றினார். "வீட்டுல பாடிக் காட்டினேன். கேட்டாரு. ஆனா மேடையில நான் அதைப் பாடி அவரு பாக்கல. 2014-ல போயிட்டாரு."

2020 முடிவோடு அந்தப் பழைய இரட்டைத்தட்டு ஃபெரிகளும் ஓய்வுபெற்றன. அதற்குப் பிறகுதான் பாட்டுக்கு மூன்றாவது சரணம் எழுதினாராம். டிப்போவில் நான் கேட்டது அதையும் சேர்த்து.

மன்னிப்புக் கேட்டேன். அதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் எனக்கு அது போதவில்லை. அன்றைக்கு நான் மாமாவிடம் போய், "இன்னும் ரெண்டு நிமிஷம்ங்க, பையன் அவனே எழுதினது" என்று சொல்லியிருக்கலாம். அவர் சரி என்றுதான் சொல்லியிருப்பார். கெட்ட மனிதர் இல்லை. நான் கேட்கவே இல்லை. நெறியாளர் வேலை என்றால் முன்வரிசை மேசையின் கையைப் பார்ப்பது மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். கதவோரம் யார் நிற்கிறார்கள் என்று ஒரு நாளும் பார்த்ததில்லை.

அதனால் இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். என்னை நெறியாளராக அழைக்கும் குடும்பத்திடம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: நிகழ்ச்சியில் அஞ்சு நிமிஷம் எனக்குக் கொடுங்கள், உள்ளூர்ப் பிள்ளை ஒருவர் சொந்தப் பாட்டு பாடுவார். அதற்கும் சேர்த்துக் கூலி கொடுங்கள். மேடையில் நானே எழுந்து நின்று, இது யார் எழுதியது, எதைப் பற்றியது என்று இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். முன்னுரை இருந்தால் மக்கள் கேட்கிறார்கள். இதுவரை மூன்று குடும்பங்களிடம் கேட்டேன். ஒரு குடும்பம் வேண்டாம் என்றது. இரண்டு குடும்பங்கள் சரி என்றன.

இரண்டாவது கல்யாணம் போன வாரம் பிறையில் நடந்தது. தம்பி கித்தாரோடு வந்தார். நான் முன்னுரை சொன்னேன். சிலர் சாப்பாட்டு வரிசைக்குப் போனார்கள், சிலர் கைப்பேசியைப் பார்த்தார்கள், சிலர் கேட்டார்கள். மூன்று சரணமும் முடிந்தது. நான் மேடையிலிருந்து இறங்கியபோது, என் முன்னுரையைக் காதில் வாங்காத ஒரு பாட்டி என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"என்னய்யா பாட்டு இது? எந்தப் படம்?"

"படம் இல்ல பாட்டி. பட்டர்வொர்த் பையன். அவரே எழுதினது."

"யாரு மகன்?"

அப்பா பெயரைச் சொன்னேன்.

"ஃபெரியில வேல செஞ்சாரே, உசரமா, அவரா?" என்று கேட்டுவிட்டுப் பாட்டி மேடைப் பக்கம் திரும்பினார். "அவரு மகனா இவன்? வரச் சொல்லு, பாக்கணும்."